பச்சத் தண்ணி

நான் போய்ச் சேர்ந்தபோது கார் ஷெட்டில் இல்லை. தெருவில், எதிர்வீட்டுச் சுவரை ஒட்டி நின்றது. ஷெட் கதவு திறந்து கிடந்தது. சிமெண்ட் தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். பினாயில் வாசனை தெரு வரைக்கும் வந்தது.

மாமனார் ஜெபசிங் ஷெட் வாசலில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். சித்தூர் மிஷன் பள்ளியில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னும் அப்படித்தான் நிற்பார்.

"வாங்க மாப்ள," என்றார். "வண்டிக்கு அடியில தண்ணி நிக்குது."

"எப்பலேர்ந்து மாமா?"

"ஒரு வாரமா லட்சுமம்மா சொல்லிக்கினு இருக்கா. இன்னிக்கு நாமே பாக்கலாம்னு எழுந்து வர்றேன், அதுக்குள்ள எப்சிபா வண்டிய வெளிய எடுத்துட்டா. லட்சுமம்மா தரையக் கழுவிட்டா."

நான் தரையைப் பார்த்தேன். பார்க்க ஒன்றும் இல்லை. ஈரம்தான்.

"நான் முன்னாலயே சொல்லிட்டேன்," என்றார். "வண்டி நல்லா இருந்தாத்தான் பாப்பா உங்ககூட வரும். இல்லன்னா இங்கயே இருக்கட்டும். திங்கக்கிழம நம்ம ஸ்கூல்லயே சேர்த்துடறேன். சீட்டுக்குப் பேசி வெச்சிருக்கேன்."

பேசி வைத்திருப்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

என் மனைவி பிளெஸ்ஸி இறந்து எட்டு மாதம் ஆகிறது. மதியம் சாப்பிட உட்கார்ந்தவள் தலை வலிக்கிறது என்றாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று பிறகு சொன்னார்கள். அன்றிலிருந்து எங்கள் மகள் லோயிஸ் சித்தூரில், தாத்தாவிடமும் சித்தி எப்சிபாவிடமும் வளர்கிறாள். நான்கு வயது. நான் திருப்பதியில் இருக்கிறேன். ரேணிகுண்டா பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. சனிக்கிழமை பஸ் ஏறி வந்து, ஞாயிறு பஸ் ஏறித் திரும்பிவிடுவேன். அவள் என்னைப் பார்த்ததும் தாத்தாவின் வேட்டியைப் பிடித்துக்கொள்வாள். சிறிது நேரம் கழித்துத்தான் கிட்ட வருவாள். அந்த நேரம் வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போனது.

திருப்பதியில் ஒரு பள்ளியில் இடம் வாங்கிவிட்டேன். பகலில் பார்த்துக்கொள்ள மாடிவீட்டு அம்மா ஒப்புக்கொண்டார். மாமனார் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "அங்க உங்களுக்குன்னு யாரும் இல்ல. ராத்திரியில பாப்பாவுக்கு ஒண்ணுன்னா பைக்ல வெச்சிக்கினு ஓடுவீங்களா? பிளெஸ்ஸி வண்டிய எடுத்துக்கினு போங்க. அது உங்க வாசல்ல நிக்கணும்."

அது நியாயமாகத்தான் இருந்தது. அந்த வண்டி எப்போதும் மாமனார் வீட்டில்தான் நின்றது; நான் அதை அதிகம் ஓட்டியதில்லை. இப்போது அந்த வண்டிக்கு அடியில் தண்ணீர்.

லட்சுமம்மா குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். வீட்டு வேலைக்கு வருபவர், அடுத்த தெருக்காரர். தெலுங்கு. இந்த வீட்டுக்கு வந்தால் தமிழ் பேசுவார்.

"லட்சுமம்மா, அது என்ன தண்ணி? எப்படி இருந்துச்சி?"

"பச்ச தண்ணி பாபு."

"நல்லா பாத்தீங்களா?"

"சூசினானய்யா. பச்ச தண்ணி. அந்தச் செவுத்து மூலைல. இத்தினி." உள்ளங்கையை விரித்துக் காட்டினார். "தினோம் கழுவறது, தினோம் வர்றது."

பச்சைத் தண்ணீர் என்றால் வெறும் தண்ணீர். சுட வைக்காதது, ஒன்றும் கலக்காதது. எனக்கு மூச்சு இறங்கியது. மாமனாரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"வெறும் பச்சத் தண்ணின்னா எங்கேர்ந்து வருது?" என்றார். "வண்டிக்குள்ள குழாயா இருக்கு?"

திருப்பதியில் கரகம்பாடி ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் வேங்கடாசலத்துக்குப் போன் போட்டேன். வேலூர்க்காரர். என் பைக்கை அவர்தான் பார்ப்பார். மாமனாருக்குக் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"தண்ணி என்னா கலரு சார்?"

"பச்சத் தண்ணி."

"பச்சத் தண்ணின்னா வெறும் தண்ணியா, பச்சக் கலரா? ஏன்னா கூலன்ட் பச்சையா இருக்கும். அது போச்சின்னா இஞ்சின் போச்சி."

மாமனார் என்னைப் பார்த்தார். நான் தெருவுக்குப் போய் பானெட்டைத் திறந்தேன். கூலன்ட் டப்பாவில் பச்சை மேல் கோடு வரைக்கும் இருந்தது. சொட்டுக் குறையவில்லை. அதைச் சொன்னேன்.

"அப்ப கூலன்ட் இல்ல. முன்னாலயா நிக்குது, பின்னாலயா?"

"செவுத்துப் பக்கம்."

"முன்னாலதான்," என்று மாமனார் போனுக்குக் கேட்கும்படி சொன்னார். "நான் எப்பவும் மூக்கு உள்ள போற மாதிரிதான் நிறுத்துவேன்."

"அப்ப சந்தேகமே இல்ல. ஏசி தண்ணி சார். ஏசி ஓடுச்சின்னா அடியில சொட்டும். நல்ல வண்டின்னு அர்த்தம். தைரியமா வாங்க."

போனை வைத்தேன். வீட்டுக்குள்ளிருந்து எப்சிபா பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒரு வாரம் எங்களோடு இருந்து லோயிஸைப் பழக்கிவிட்டு வருவதாக ஏற்பாடு. அவள் என்னை அத்தான் என்றில்லாமல் பாவா என்றுதான் கூப்பிடுவாள். சித்தூரில் பாதி வீட்டில் அப்படித்தான்.

"என்ன நைனா, வண்டி பாஸா?" என்று அப்பாவிடம் கேட்டாள். "இனிமே ஏதாச்சும் சாக்கு இருக்கா? இருந்தா இப்பவே சொல்லிடு. பாதி வழியில விசில் ஊதாத."

"வாய மூடு."

"எட்டு நாளா தூங்காம யோசிச்சியே, தண்ணி மட்டும்தான் கெடச்சுதா?"

அவர் சிரிக்கவில்லை. லோயிஸைத் தூக்கிப் பின் சீட்டில் உட்கார வைத்தார். ஜன்னல் ஏற்றி இறக்கிப் பார்த்தார். பிறகு பானெட்டின் மேல் வலது கையை வைத்தார். அந்த வீட்டில் யார் வெளியூர் போனாலும் இது உண்டு. நாங்கள் கண்களை மூடினோம். நீளமாக ஜெபித்தார். போகிற வழியையும் வருகிற வழியையும் ஒப்புக்கொடுத்தார். குழந்தையின் பெயர் வந்த இடத்தில் குரல் நின்றது. பிறகு தொடர்ந்தது. ஆமென் சொன்னதும் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

லோயிஸ் அழவில்லை. தாத்தா கடைக்குப் போயிருக்கிறார் என்று நினைத்தாள் போல.

ஊரைத் தாண்டும்வரை எப்சிபா பேசிக்கொண்டே வந்தாள். நான் ஓட்டினேன். வெயில் ஏறியிருந்தது. சாலையோரத்து மாமரங்களெல்லாம் புழுதியாக இருந்தன. லோயிஸ் பின்னால் படுத்து, காலைக் கதவில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் அவளுடைய முழங்கால் மட்டும் தெரிந்தது.

"ஏசி போடுங்க பாவா. கொதிக்குது."

பொத்தானை அழுத்தினேன். வெந்நீர் அண்டாவைத் திறந்த மாதிரி காற்று வந்தது.

"ஐயோ, மறந்தே போச்சி," என்றாள். "அதுல கேஸே இல்ல. அக்கா இருக்கும்போதே போயிடுச்சி. நைனா ரிப்பேர் பண்ண விடல. ஏசி பெட்ரோல் துன்னுமாம்."

நான் பொத்தானை அணைத்தேன்.

"அப்ப ஏசி ஓடவே இல்லயா?"

"ஒரு வருஷமா இல்ல."

ஓடாத ஏசி சொட்டாது.

அவள் வேறு எதையோ சொல்ல ஆரம்பித்தாள். என் காதில் விழவில்லை. கம்பெனியில் என் வேலையே இதுதான். பழுதான சர்க்யூட் பலகையை எடுத்து, எது காரணம் இல்லை என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வர வேண்டும். ஏசி இல்லை. கூலன்ட் இல்லை, கண்ணால் பார்த்தேன். மழை பெய்து பல நாள் ஆகிறது. வைப்பர் தண்ணீர்? நெம்புகோலை இழுத்தேன். கண்ணாடியில் இரண்டு தாரை பீய்ச்சி அடித்தது. வைப்பர் புழுதியைச் சேறாக இழுத்தது.

"என்ன பாவா, மழ வருதா?" எப்சிபா சிரித்தாள்.

டப்பா நிறைய இருக்கிறது. அதுவும் இல்லை.

காரில் ஓடுகிற வேறு திரவம் என்ன? பெட்ரோல் என்றால் வாசனை வந்திருக்கும். இஞ்சின் ஆயில் என்றால் கறுப்பாக இருந்திருக்கும், லட்சுமம்மா எண்ணெய் என்றே சொல்லியிருப்பார். இன்னும் ஒன்று இருக்கிறது. அதை நான் மனதிற்குள்கூடச் சொல்லவில்லை. அவர் சொன்னது பச்சைத் தண்ணீர். வெறும் தண்ணீர். அதைப் பிடித்துக்கொண்டேன்.

பூதலப்பட்டு கூட்டு ரோட்டில் முன்னால் போன லாரி சட்டென்று நின்றது. நான் பிரேக்கை மிதித்தேன். கால் வழக்கத்தை விடக் கீழே போனது. போய்க்கொண்டே இருந்தது. இரண்டாவது தடவை மிதித்தபோதுதான் பிடித்தது. லாரியின் பின்பலகை எழுத்து கண்ணாடி முழுக்க நிறைந்து நின்றது. பின்னால் லோயிஸின் தண்ணீர் பாட்டில் உருண்டு விழுந்தது.

"என்ன பாவா, தூங்கிட்டீங்களா?"

"இல்ல."

திருப்பத்தில் வண்டி சாய்ந்தபோது மீட்டர் பலகையில் சிவப்பு விளக்கு ஒன்று எரிந்தது. நேரானதும் அணைந்தது.

"அது என்ன லைட்டு?"

"ஹேண்ட்பிரேக் லைட்டு. கொஞ்ச நாளா அப்படித்தான் கண்ணடிக்குது. நைனாவப் பாத்து அடிக்குதோ என்னமோ."

ஹேண்ட்பிரேக் கீழே இறங்கித்தான் இருந்தது. நான் வேகத்தைக் குறைத்தேன். முன்னால் போகும் வண்டிக்கும் எனக்கும் நடுவில் நிறைய இடம் விட்டேன். பஸ்காரன் ஹாரன் அடித்துக்கொண்டு அந்த இடத்தில் புகுந்தான். நான் மறுபடி பின்வாங்கினேன். பிரேக்கைத் தொடாமல் கியரிலேயே வேகத்தை இறக்கினேன். எப்சிபா பேச்சை நிறுத்திவிட்டு என் காலைப் பார்த்தாள்.

"என்ன ஆச்சி?"

"ஒண்ணும் இல்ல."

"டாடி, ஒண்ணுக்கு," என்றாள் லோயிஸ்.

பாகாலா பஸ் நிலையத்துக்கு எதிரில், மேடான இடம் பார்த்து, வண்டி தானாக நிற்கும்படி ஏற்றி நிறுத்தினேன். கியரைப் போட்டேன்.

எப்சிபா அவளைக் கூட்டிக்கொண்டு போய் வந்தாள். நான் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். திருப்பதிக்கு இன்னும் பாதி தூரத்துக்கு மேல் இருக்கிறது. சந்திரகிரிக்கு முன்னால் இறக்கங்கள் இருக்கின்றன. லாரிகள் இருக்கின்றன. மாமனாருக்குப் போன் போட்டு லட்சுமம்மாவிடம் கொடுக்கச் சொல்லி, அது சரியாக எப்படி இருந்தது என்று கேட்கலாம். லட்சுமம்மாவிடம் போன் கிடையாது. மாமனாரைத் தாண்டித்தான் கேட்க வேண்டும். கேட்ட அடுத்த நிமிடம் குழந்தை சித்தூருக்கே போய்விடுவாள்.

காருக்குப் பக்கத்தில் ஒரு பெண் கூடையில் பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். லோயிஸ் அங்கே நின்றுவிட்டாள்.

"பூ காவாலா பாப்பா?" பூக்காரி ஒரு கொத்தைத் தூக்கிக் காட்டினாள். "பச்ச சாமந்தி. தீசுக்கோ."

"அது பச்ச இல்ல," என்றாள் லோயிஸ். "மஞ்சள்."

"பச்சதா பாப்பா."

"மஞ்சள்! பச்சன்னா இலை!"

பூக்காரி சிரித்தாள். "ஏமம்மா, உன் பொண்ணு எனக்கே பாடம் எடுக்குது."

"என் பொண்ணு இல்ல, அக்கா பொண்ணு," என்றாள் எப்சிபா. பிறகு குனிந்து லோயிஸிடம் சொன்னாள்: "தெலுங்குல இதுவும் பச்சதான்டி கண்ணு. இலையும் பச்ச, மஞ்சளும் பச்ச. ரெண்டுக்கும் ஒரே பேரு. அவங்களோட சண்ட போடாத."

நான் கதவைத் திறந்து இறங்கினேன்.

பச்ச தண்ணி. லட்சுமம்மா தமிழில் தண்ணி என்றார். பச்ச என்றதைத் தெலுங்கில் சொன்னார். நாங்கள் இரண்டு அர்த்தத்தை வைத்துக்கொண்டு சரிபார்த்தோம். மூன்றாவது அங்கேயே இருந்தது. அந்த வீட்டில் எல்லோருக்கும் தெலுங்கு தெரியும். அவர் தமிழ் பேசுகிறார் என்று நினைத்ததால் யாரும் தெலுங்கில் கேட்கவில்லை.

மஞ்சள் தண்ணீர். காருக்குள் மஞ்சளாக இருப்பது ஒன்றுதான்.

"எப்சிபா, கடைசியா வண்டிய ஷெட்டுல விட்டது யாரு?"

"நான்தான். போன ஞாயித்துக்கிழம சர்ச்சுலேர்ந்து வந்து. ஏன்?"

"எப்படி விட்ட?"

"ரிவர்ஸ்ல. காலைல எடுக்க லேசா இருக்கும்னு. போன ஒரு மாசமா நான் அப்படித்தான் விடறேன். நைனா கவனிக்கவே இல்ல."

சுவர்ப் பக்கம் இருந்தது வண்டியின் பின்பக்கம்.

நான் மண்ணில் முட்டி போட்டுப் பின் சக்கரத்துக்கு உள்ளே பார்த்தேன். வலது பக்கம் காய்ந்த புழுதி. இடது பக்கம் டயரின் உள்சுவர் ஈரமாக இருந்தது. புழுதி அங்கே களிம்பாக ஒட்டியிருந்தது. விரலை விட்டுத் துடைத்தேன். கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தேன். வழுக்கியது. அந்த வெயிலில் தண்ணீராக இருந்தால் தேய்க்கும்போதே காய்ந்திருக்கும். இது காயவில்லை.

பானெட்டைத் திறந்தேன். காலையில் இதே பானெட்டைத் திறந்து கூலன்ட் மட்டும் பார்த்தேன். அதற்கு ஒரு சாண் தள்ளிப் பிரேக் ஆயில் டப்பா இருந்தது. கீழ்க்கோட்டுக்குக் கீழே, அடியில் கொஞ்சம் கிடந்தது. சிவப்பு விளக்கு கண்ணடித்தது இதற்குத்தான். நல்லெண்ணெய் மாதிரி மஞ்சள்.

எப்சிபா என் தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்னது அது?"

"பிரேக்."

அவள் கையிலிருந்த பூவை லோயிஸிடம் கொடுத்துப் பின் சீட்டில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினாள். அப்புறம்தான் பேசினாள்.

"இப்ப என்ன பண்றது?"

வேங்கடாசலத்துக்குப் போட்டேன். சொன்னேன். அவர் உச்சுக்கொட்டினார்.

"பின் சக்கரத்துல பிரேக் சிலிண்டர் கசியுது சார். ஆயில் பிரேக் ஷூ மேல இறங்கியிருக்கும், ஹேண்ட்பிரேக்கும் அந்தப் பக்கம் பிடிக்காது. அங்க பட்டறைல காட்டினாலும் சாமான் வர நாளைக்கு ஆயிடும்."

"ஆயில் ஊத்திக்கினு மெதுவா வந்துடலாமா?"

"நானா இருந்தா வந்துடுவேன். எத்தினியோ வண்டி அப்படிக் கொண்டாந்திருக்கேன்." சற்று நிறுத்தினார். "உள்ள யாரு சார் இருக்காங்க?"

"குழந்த இருக்கா."

அந்தப் பக்கம் ஸ்பேனர் விழும் சத்தம் கேட்டது. "நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் சார். நீங்களே பாத்துக்குங்க."

எப்சிபா அதற்குள் சாலையைக் கடந்து ஒரு கடையிலிருந்து பிரேக் ஆயில் பாட்டில் வாங்கி வந்தாள். அவளே மூடியைத் திருகி ஊற்றினாள். வெளியே கொஞ்சம் சிந்தியது. மேல் கோடு வரை ஏறியது.

"மிதிச்சுப் பாருங்க," என்றாள்.

மிதித்தேன். இரண்டு, மூன்று தடவை. பெடல் மேலே நின்றது. கெட்டியாக இருந்தது.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"அவ்ளோதான். மெதுவா போலாம் பாவா. நான் பாட்டில மடியில வெச்சிக்கினு வர்றேன், குறைஞ்சா ஊத்திக்கலாம். திருப்பதி போனதும் நேரா பட்டறைல விட்டுடலாம். நைனாவுக்கு எதுக்குச் சொல்லணும்?"

நான் பானெட்டைச் சாத்தினேன்.

"சொன்னா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும். பாப்பாவத் தூக்கிக்கினு போயிடுவாரு. திங்கக்கிழம அங்க சேர்த்துட்டாருன்னா அப்புறம் எப்ப? அடுத்த வருஷம்னு சொல்வாரு. அடுத்த வருஷம் அதுக்கு அடுத்த வருஷம்னு சொல்வாரு. இவ உங்கள மாமான்னு கூப்பிட ஆரம்பிச்சிடுவா."

அவள் சொன்னது எல்லாம் சரி. நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தேன். அவள் சுற்றி வந்து பக்கத்தில் ஏறினாள். பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டாள். சாவியைத் திருப்பினேன். இஞ்சின் ஓடியது.

"போலாம் டாடி," என்றாள் லோயிஸ். சாமந்தி இதழ்களைப் பிய்த்து முழங்காலில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள்.

நான் பிரேக்கை மிதித்துக் காலை எடுக்காமல் வைத்திருந்தேன். லாரி ஒன்று கடந்தது. பஸ் ஒன்று வெளியே வந்தது. பெடல் கெட்டியாக இருந்தது. எப்சிபா முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அழுத்திக்கொண்டே இருந்தேன். இன்னொரு லாரி. அப்போது கால் இறங்க ஆரம்பித்தது. அவசரமே இல்லாமல், சேற்றில் இறங்குகிற மாதிரி இறங்கியது. முட்டி நீண்டது. பெடல் தரையைத் தொட்டு நின்றது.

இஞ்சினை அணைத்தேன்.

"பாவா."

போனை எடுத்தேன்.

"பாவா, வேணாம். ஒரு நிமிஷம் யோசிங்க."

மாமனார் முதல் மணியிலேயே எடுத்தார்.

"பிரேக் ஆயில் மாமா," என்றேன். "அது தண்ணி இல்ல. மஞ்சளா இருந்ததத்தான் லட்சுமம்மா பச்சன்னு சொல்லியிருக்காங்க. பின் சக்கரத்துல கசியுது. பாகாலாவுல பஸ் ஸ்டாண்டு எதிர்ல நிறுத்திட்டேன். இனிமே நகர மாட்டோம்."

"பாப்பா?"

"நல்லா இருக்கா."

"அங்கயே இருங்க. வர்றேன்."

எப்சிபா பாட்டிலின் மூடியை இறுக்கித் திருகினாள். "போச்சி," என்றாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

வெயிலில் காருக்குள் இருக்க முடியவில்லை. ஒரு கடையின் கூரைக்குக் கீழ் நின்றோம். லோயிஸ் இட்லி சாப்பிட்டாள். பிறகு என் தோளில் தூங்கிப்போனாள். அவள் கனமாகியிருந்தாள். வாராவாரம் தூக்கியும் எனக்கு அது தெரியவில்லை. தோளை மாற்றினால் விழித்துவிடுவாள் என்று அப்படியே நின்றேன். கை மரத்தது.

மாமனார் பஸ்ஸிலிருந்து இறங்கினார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். எங்களிடம் வரவில்லை. நேராகக் காரிடம் போனார். இந்த வயதில் அவர் தரையில் முட்டி போட்டு நான் பார்த்ததில்லை. இடது சக்கரத்துக்குள் கையை விட்டார். விரலைத் தேய்த்தார். மோந்து பார்த்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"ஒரு வாரமா சொல்லிக்கினு இருந்தா," என்றார், சக்கரத்தைப் பார்த்தபடி. "போன ஞாயித்துக்கிழம சர்ச்சுக்கு இதுலதான் போனோம். பாப்பா முன்னால என் மடியில உக்காந்துக்கினு..."

எழுந்தார். முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டவில்லை. இரண்டு கைகளையும் நீட்டினார்.

"குடுங்க."

எப்சிபா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் லோயிஸை இறுக்கிப் பிடித்தேன். "நாங்க ட்ரெயின்ல போறோம் மாமா."

"என்னது?"

"ஸ்டேஷன் இங்க பக்கத்துலதான். திருப்பதி வண்டி வரும். அதுல போறோம்."

"வண்டி இல்லாம அங்க என்ன பண்ணுவீங்க?"

"ரிப்பேர் ஆனதும் வந்து எடுத்துக்கறேன்."

"அதுக்குள்ள ராத்திரியில ஜுரம் வந்துச்சின்னா?"

"ஆட்டோவுல போவேன். உங்களுக்குப் போன் பண்ணுவேன்."

"பண்ணுவீங்களா?" அவர் குரல் உயர்ந்தது. பூக்காரி திரும்பிப் பார்த்தாள். "எட்டு மாசமா என்கிட்ட நாலு வார்த்த பேசியிருப்பீங்களா? கல்லு மாதிரி வர்றீங்க, கல்லு மாதிரி போறீங்க. ஒண்ணுன்னா எனக்கு எப்படித் தெரியும்? யார் சொல்வாங்க?"

"இப்ப பண்ணேன் இல்ல," என்றேன்.

அவர் நீட்டிய கைகள் இன்னும் நீண்டுதான் இருந்தன. அவற்றைப் பார்த்தார். விரலில் எண்ணெய் இருந்தது. வேட்டியில் துடைத்தார். அது போகவில்லை. மறுபடி துடைத்தார்.

"எப்சிபா," என்றார் கடைசியில். "பைய எடு. ரயிலு வந்துடப் போகுது."

அவள் டிக்கியைத் திறந்தாள். அவர் லோயிஸின் அருகில் வந்தார். தூங்குகிற முகத்தைத் தொடப் போய், எண்ணெய்க் கை என்பதால் நிறுத்திக்கொண்டார். குனிந்து நெற்றியை அவள் முதுகில் ஒரு கணம் வைத்தார். அவ்வளவு பக்கத்தில் அவர் தலைமுடியிலிருந்து தேங்காய் எண்ணெய் வாசனை வந்தது.

"காலைல எழுந்ததும் ரெண்டு நிமிஷம் பேசாது," என்றார். "நீங்களா பேச வைக்காதீங்க. அதுவா பேசும்."

"சரி மாமா."

"வண்டிய நான் பாத்துக்கறேன். போங்க."

ஸ்டேஷன் சாலையில் நடந்தோம். எப்சிபா இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டு முன்னால் போனாள். திருப்பத்தில் நின்று நான் திரும்பிப் பார்த்தேன். மாமனார் சாலையோரத்திலிருந்து ஒரு பெரிய கல்லை இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டு வந்து முன் சக்கரத்துக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தார். வைத்துவிட்டுக் காலால் உதைத்துப் பார்த்தார். இன்னொரு கல்லைத் தேடிப் போனார்.

லோயிஸ் தோளில் அசைந்தாள். விழித்துவிட்டாள். சுற்றிலும் பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை.

நானும் பேசவில்லை. நடந்தேன்.